பட்டா புத்தகத்தில் இரண்டு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெரு முனை வீட்டின் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு சின்ன நோட்டு தொங்கும். பட்டா புத்தகம் என்பார்கள். இரவு ரோந்து வரும் காவலர் அதில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மழையில் நனையாதபடி பால் கவரில் சுற்றி வைத்திருப்பார் அந்த வீட்டம்மா. காலை நடைக்குப் போகும்போது நான் அதைப் பிரித்துப் பார்ப்பதுண்டு. 1.40 என்றும் 3.15 என்றும் இருக்கும். சில நாள் இரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு. முப்பது வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவனுக்கு ஒரே மூச்சில் எழுதியது எது என்று தெரியாதா!

குறை சொல்லவில்லை. பகலெல்லாம் பந்தோபஸ்து நின்றவரையே ராத்திரி ரோந்துக்கும் அனுப்பினால் அவரும்தான் என்ன செய்வார்?

போன வருஷம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்துக்கு ஆய்வாளர் வந்திருந்தார். செயின் பறிப்பு, பூட்டிய வீட்டில் திருட்டு, கேமரா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். கடைசி வரிசையிலிருந்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்தார். "சார், என் கழுத்துல இருக்கறது கவரிங். போனா போகட்டும். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த நடு விளக்குக் கம்பத்தைத் தாண்டறதுதான் எனக்குப் பயம்" என்றார். அந்த விளக்கு எரிந்து மாதக்கணக்காகிவிட்டது. அதன் கீழே பைக்கை நிறுத்திக் குடிக்கிறார்கள். அவர் இறங்குவது இரவு 9.45 பஸ்ஸில். ரோந்து வருவதோ ஒன்றே முக்காலுக்கு.

இத்தனை நாள் சங்கச் செயலாளராக இருந்த எனக்கு இது தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விளக்கு மாநகராட்சி விஷயம் என்று ஆய்வாளர் கைகழுவியிருக்கலாம். செய்யவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஒன்பதே முக்காலுக்கு ஒரு காவலர் அங்கே பைக்கில் நின்றார். குடிக்கும் கூட்டம் தானாகக் கலைந்தது. விளக்குக்குத்தான் நாங்கள் மூன்று மனு எழுத வேண்டியிருந்தது!

இப்படி ஜனங்களைக் கேட்டு ரோந்து போவது எங்கள் திருச்சிக்குப் புதிதல்ல. 1999 வாக்கில் ஜே.கே. திரிபாதி மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது, பகுதிக்கென்றே பீட் காவலர்களை நியமித்து, ஜனங்களோடு பழகச் சொன்னார். பெயர் எழுதாமலே புகார் போட ஊரில் பெட்டிகளும் வைத்தார்கள். ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறவர்களின் குரலும் அப்படித்தான் கேட்டது. கேரளத்தில் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்திலும் பீட் காவலர் வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும் என்பதுதான் அடிப்படை.

அப்புறம் இன்னொரு பக்கம் உண்டு. நம் பங்கு எதுவரை? 1993-இல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்', போலீசுக்குப் பொதுமக்கள் உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த அமைப்புதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தபோது அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர் கைக்கு லத்தி போகக் கூடாது, சீருடை இல்லாத லத்தி இன்னும் மோசம் என்பது என் அபிப்பிராயம்.

லத்தி இல்லாவிட்டாலும் கையில் போன் இருக்கிறதே. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டியை ஊரே அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. எங்கள் தெருக் குழுவில் முன்பின் தெரியாதவர் போட்டோவை யாராவது போட்டால் உடனே அழித்துவிடுவேன். சந்தேகமா, 100-க்குப் போன் போடுங்கள், இடத்தைச் சொல்லுங்கள், அத்தோடு விடுங்கள் என்பேன். இதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள். சரி, போகட்டும்.

ஸ்டேஷனில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் பணம் போனால் விடியட்டும் என்று காத்திராமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நடு விளக்கு இப்போது எரிகிறது. பட்டா புத்தகமும் அந்தக் கம்பத்துக்கு மாறிவிட்டது, பால் கவரோடு. நேற்றுக் காலை பிரித்துப் பார்த்தேன். 9.50, நீல மை. 3.15, கறுப்பு மை.

வணக்கம்.