கடன் யார் பெயரில்? பழைய அடுக்குமாடியைப் புதுப்பிக்கும் பணம் பற்றி ஒரு நேயர் கேள்வி

வணக்கம். போன வீடியோவில் வட ஐரோப்பாவில் உள்ள லித்துவேனியா நாட்டைப் பற்றிப் பேசியிருந்தேன். சோவியத் காலத்துப் பழைய அடுக்குமாடிகளுக்கு வெளிச்சுவர் முழுக்க, உள்ளிருக்கும் சூடு வெளியே போகாமல் தடுக்கும் வெப்பக் காப்பு ஒட்டி, குளிர்காலச் செலவைக் குறைத்த கதை. அதைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே படிக்கிறேன்.

"எங்கள் அப்பார்ட்மென்டில் 48 வீடு. முப்பது வருஷக் கட்டடம். மொட்டைமாடிக்கு வெயில் தாங்குகிற டைல்ஸ் பதிக்க வேண்டும், தண்ணீர் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேசுகிறோம். மேல்மாடிக்காரர் வேண்டும் என்கிறார், கீழ்மாடிக்காரர் எனக்கெதற்கு என்கிறார். பேங்கில் கேட்டால் சங்கத்துக்குக் கடன் தர யோசிக்கிறார்கள். அந்த ஊரில் மட்டும் இத்தனை பேரை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள்? பணம் யார் போட்டது?"

அம்மா, அந்த ஊரிலும் உங்கள் கட்டடத்தில் நடப்பதேதான் நடந்தது. முதல் சில வருஷம் அவர்களாலும் முடியவில்லை. அப்புறம் எப்படி முடிந்தது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பார்ப்போம். 1960களிலிருந்து 80கள் வரை கட்டிய ஐந்து மாடி, ஒன்பது மாடி வீடுகள். சில செங்கல், பல தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து நிறுத்திய கான்கிரீட் பலகை. வீட்டுக்கு வீடு தனி ஹீட்டர் கிடையாது. ஊருக்குப் பொதுவான நிலையத்தில் தண்ணீரைச் சுடவைத்து, மண்ணுக்கடியில் குழாய் போட்டு அனுப்புவார்கள். அது கட்டடத்தின் அடித்தளத்துக்கு வந்து, அங்கிருந்து மேலேறி ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும், அதாவது அறையைச் சூடாக்கும் கருவிக்கும், போகும். கூட்டிக் குறைக்க அந்த ரேடியேட்டரில் திருகு இருக்காது. பில் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து வரும். பெரும்பாலும் அதைச் சதுர மீட்டர் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள்.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலும் கீழும் பக்கத்திலும் வீடுகள் சூழ நடுவில் இருக்கிற வீடு அனலாகக் கிடக்கும். வெளியே பனி கொட்டினாலும் அங்கே ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள், ஏனென்றால் சூட்டைக் குறைக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. அதே கட்டடத்தில் மேல்மாடி மூலை வீட்டில், சுவர் உள்பக்கமாக ஈரம் பிடித்துக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். குழந்தை ஸ்வெட்டரோடு தூங்கும். இரண்டு வீட்டுக்கும் சதுர மீட்டருக்கு ஒரே காசு. நடு வீட்டுக்காரரிடம் போய்க் கட்டடத்துக்குக் காப்பு ஒட்டலாம், ஆளுக்கு இவ்வளவு கடன் என்றால் அவர் என்ன சொல்வார்? "எனக்குக் குளிரவில்லையே." உங்கள் கீழ்மாடிக்காரர் சொல்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இன்னொன்று. 1991இல் தொடங்கி அரசு வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சொந்த வீடுகள். ஆனால் சுவர் யாருடையது, கூரை யாருடையது என்றால் எல்லாருடையதும். அதாவது யாரும் தொட மாட்டார்கள். பென்ஷனில் வாழும் பாட்டி, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்ட பையன், வாடகைக்கு விட்டவர், குடிபோதையில் பில் கட்டாதவர், எல்லாரும் ஒரே படிக்கட்டில்.

2009இல் அரசு பணத்தோடு வந்தது. ஐரோப்பிய முதலீட்டு வங்கியை வைத்து ஜெசிக்கா என்ற பெயரில் ஒரு நிதி. 22.7 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பிராந்திய வளர்ச்சி நிதி, மீதி லித்துவேனியாவின் பணம். உள்ளூர் வங்கிகள் வழியாகக் கொடுத்தார்கள். வட்டி 3 சதவீதம், கடைசிவரை மாறாது. தவணைக் காலம் 20 வருஷம் வரை. வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். மின்சாரமோ எரிவாயுவோ மலிவாக இருந்த காலமும் இல்லை அது. இக்னாலினா அணுமின் நிலையத்தின் கடைசி உலையை அந்த வருஷம் டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடினார்கள், எரிவாயு முழுக்க ரஷ்யாவிலிருந்து வந்தது. எல்லாம் கூடி வந்த மாதிரிதான் தெரியும். ஆனாலும் முதல் இரண்டு மூன்று வருஷம் திட்டம் நகரவே இல்லை. பணம் வங்கியில் உட்கார்ந்திருந்தது, ஜனங்கள் வரவில்லை.

ஏன் வரவில்லை? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வட்டி காரணமில்லை. தொழில்நுட்பம் காரணமில்லை. கடன் பத்திரத்தில் யார் பெயர் எழுதுவது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. ஒரு கட்டடத்துக்குச் சில லட்சம் யூரோ ஆகிற வேலை. டெண்டர் விட வேண்டும், வரைபடம் வேண்டும், ஒப்பந்தக்காரர் பாதியில் ஓடினால் பொறுப்பு ஏற்க வேண்டும். இதற்கெல்லாம் சங்கத் தலைவராக இருக்கிற ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் கையெழுத்துப் போடுவாரா? பல கட்டடங்களில் சங்கமே கிடையாது. வங்கிக்கோ யாரிடம் வசூலிப்பது என்று தெரியவில்லை. பலர் தயாராகத்தான் இருந்தார்கள், முதல் ஆளாக நிற்கத்தான் யாரும் இல்லை.

இதை அவிழ்த்தது ஒரு சின்ன ஊர். பெயர் இக்னாலினாதான். ஆனால் அந்த அணு உலை நின்றது பக்கத்தில் உள்ள விசாகினாஸ் என்கிற ஊரை ஒட்டி, குழப்பிக்கொள்ள வேண்டாம். இக்னாலினா நகராட்சி என்ன செய்தது என்றால், ஊரில் அதிகமாக வெப்பத்தை வீணாக்கும் கட்டடங்களைப் பட்டியல் எடுத்தது. ஜனங்கள் வந்து விண்ணப்பிக்கட்டும் என்று காத்திருக்காமல், நாங்களே திட்டம் போட்டுக்கொண்டு வருகிறோம் என்று போனது. நகராட்சி நியமிக்கிற நிர்வாகி ஒருவர் கடனை வாங்குவார். கடன் அவர் கணக்கில் இருக்கும். டெண்டர், மேற்பார்வை, வங்கியோடு பேச்சு எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும், வேலை முடிந்தபின் மாதாமாதம் பில்லோடு தவணையைக் கட்ட வேண்டும். 2013இல் இதையே நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். கட்டடத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்ய பெடா என்ற அரசு முகமையும் அந்த வருஷம்தான் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் புதுப்பித்த கட்டடங்கள் ஆயிரத்தைத் தாண்டின.

சரி, நகராட்சிக்கு இதில் என்ன அக்கறை? இங்கேதான் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. ஏழைக் குடும்பங்களின் குளிர்கால பில்லில் ஒரு பகுதியை அங்கே பொதுப் பணத்திலிருந்து மானியமாகக் கொடுக்கிறார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, பழைய கட்டடத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த மானியம் சுவர் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. கட்டடத்துக்குக் காப்பு ஒட்டிவிட்டால் மானியமும் குறையும். அதனால் அரசு துணிந்து ஒன்று செய்தது: வெப்ப மானியம் வாங்கும் குடும்பத்தின் கடன் தவணையையும் வட்டியையும் அரசே கட்டும். "முடியாதவர் என்ன செய்வார்" என்ற கேள்விக்கு இதுதான் பதில். கூட்டத்தில் மற்றவர்கள் அந்த ஏழைக் குடும்பத்தைச் சாக்காகக் காட்டி மறுக்க வழியில்லாமல் போனது.

பாட்டிகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நான் எத்தனை நாள் இருக்கப் போகிறேன், எனக்கு எதற்கு 20 வருஷக் கடன்?" நியாயமான கேள்வி. அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். கடன் வீட்டோடு போகும். வீட்டை விற்றால் வாங்குகிறவர் மிச்சத் தவணையைக் கட்டுவார். அதுவரைக்கும் வெதுவெதுப்பான வீட்டில் இருப்பது பாட்டிதான்.

தவணைக் கணக்கு எப்படி என்றும் பார்த்துவிடுவோம். ஒரு பேச்சுக்கு, குளிர்காலத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் 100 யூரோ வெப்ப பில் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவர், கூரை, ஜன்னல், அடித்தளத்தில் உள்ள சூடுநீர்க் கருவி, ரேடியேட்டருக்குத் திருகு, எல்லாம் செய்தபின் பில் 45 ஆகிறது. மிச்சமாகும் 55க்குள் தவணை அடங்க வேண்டும். அப்படி அடங்கினால் வீட்டுக்காரர் கையிலிருந்து மாதம் போகிற மொத்தத் தொகை முன்பைவிட அதிகமாகாது. பாதியளவு மிச்சம் அங்கே சாதாரணமாகவே கிடைத்தது. கடனில் ஒரு பங்கை அரசு தள்ளுபடியும் செய்தது, வேலை முடிந்து மிச்சம் உண்மையாகவே வந்திருக்கிறது என்று காட்டியபின்.

இந்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கிரீன் டீல் என்று 2013 ஜனவரியில் தொடங்கினார்கள். மிச்சத்துக்குள் தவணை அடங்க வேண்டும் என்ற அதே விதி. அதற்குத் தங்க விதி என்றே பெயர் வைத்தார்கள். கடன் மின்சார பில்லில் ஏறும், வீடு கைமாறினால் பில்லோடு சேர்ந்து மாறும். காகிதத்தில் அழகு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகப் போய், மதிப்பீட்டாளரைப் பிடித்து, 7 சதவீதத்துக்கும் மேல் வட்டிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். 2015 ஜூலையில் அரசு பணம் கொடுப்பதை நிறுத்தியபோது கடன் எடுத்திருந்த வீடுகள் ஏறக்குறைய 14,000தான். நாடு முழுக்க கோடிக்கணக்கான வீடுகள் உள்ள ஊரில்! அங்கே வட்டியைச் சொல்பவர்கள் உண்டு. நான் வட்டியோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்வேன்: வீட்டுக்காரருக்கும் வங்கிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடுவில் நின்று, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பக்கத்து நாடான லாட்வியாவில் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தார்கள். அங்கே புதுப்பிக்கிற நிறுவனமே இவ்வளவு மிச்சமாகும் என்று 20 வருஷத்துக்கு உத்தரவாதம் தரும். வராவிட்டால் அவர்கள் கைப்பணம். வீட்டுக்காரர்கள் பழைய பில் அளவுக்கே கட்டிக்கொண்டு வருவார்கள், மிச்சம் நிறுவனத்துக்குப் போகும். ஆனால் ஒரு சின்ன நிறுவனம் இப்படி நாலு கட்டடத்தை எடுத்தால் அதன் முதல் எல்லாம் சுவரில் மாட்டிக்கொள்ளும், ஐந்தாவது கட்டடத்துக்குக் காசு இருக்காது. அதனால் லாபீஃப் என்று ஒரு நிதியை உண்டாக்கினார்கள். வேலை முடிந்து, மிச்சம் உண்மைதான் என்று தெரிந்தபின், இனி வரப்போகும் தவணைகளை அந்த நிதி விலைக்கு வாங்கிக்கொள்ளும். நிறுவனம் அந்தக் காசோடு அடுத்த கட்டடத்துக்குப் போகும். ஐரோப்பியப் புனரமைப்பு வளர்ச்சி வங்கி இதற்குக் கடன் கொடுத்தது. அளவில் சிறியது, ஆனால் யோசனை நல்ல யோசனை.

இனி உங்கள் 48 வீட்டுக்கு வருகிறேன், அம்மா. லித்துவேனியாவை அப்படியே தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரில் வைக்க முடியாது. அங்கே மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே வெப்ப பில், அதுவும் பெரிய பில். அதில் மிச்சம் பிடித்துத்தான் கடனை அடைத்தார்கள். உங்களிடம் பொதுவாக வருவது லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு இவற்றின் பில்தான். மேல்மாடிக்காரர் ஏசி பில் அவருடைய மீட்டரில் ஓடுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கட்டாதீர்கள். மோட்டாரும் விளக்கும் பொது பில்லில் மிச்சம் பிடிக்கும், அதை முதலில் எடுங்கள். பொது மீட்டரின் கடைசி 12 மாத பில்லையும் எடுத்து ஒரு தாளில் எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். மோட்டார் எத்தனை குதிரைத் திறன், தினம் எத்தனை மணி ஓடுகிறது என்பதையும் கீழே எழுதுங்கள். கீழ்மாடிக்காரரும் அந்தப் பணத்தைக் கட்டுகிறவர்தான், அவர் நின்று படிப்பார்.

மொட்டைமாடிக்கு வேறு பேச்சு. டைல்ஸ் வேலையோடு நீர்க்கசிவையும் சேர்த்துப் பேசுங்கள். கூரை ஒழுகினால் கம்பி துருப்பிடிப்பது 48 வீட்டுக்கும் சொந்தமான கட்டடத்தில். அந்தப் பங்கை எல்லாரும் ஏற்கட்டும். வெயிலுக்கான கூடுதல் செலவில் மேல்மாடிக்காரர்கள் கொஞ்சம் அதிகம் போடட்டும். எனக்குத் தெரிந்து இதில் யாரும் ஏமாறவில்லை.

அப்புறம் கடைசியாக, அந்தப் பெயர் விஷயம். உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல அப்பார்ட்மென்ட்கள் 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் இருக்கின்றன. தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022 என்று புதிதாக ஒன்று வந்து, 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடன் வாங்க, பாக்கி வசூலிக்க, ஒப்பந்தம் போட உங்கள் சங்கத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று ஒரு வக்கீலிடம் சங்கத்தின் துணைவிதியை (பைலா) கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். வங்கி மேலாளரைப் பார்க்கப் போகும்போது டைல்ஸ் கொட்டேஷனுக்கு மேலே அந்தக் கடிதத்தை வையுங்கள். முதலில் அவர் கேட்கப் போவது அதைத்தான்.