அந்தக் கோப்பு எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே!

ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்களில் கட்டாயக் கருத்தடைக்கு ஆளான பெண்களுக்கு நீதி கிடைத்துவிட்டது என்று வாதாடிய எதிரணித் தலைவர் இரண்டு சான்றுகளை வைத்தார். ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் தந்த தீர்ப்பு ஒன்று. செக் குடியரசின் 2021 இழப்பீட்டுச் சட்டம் மற்றொன்று. நானும் அவற்றைப் படித்தேன். படித்ததால்தான் 'கிடைக்கவில்லை' என்ற அணியில் நிற்கிறேன்.

2000ஆம் ஆண்டு, ஸ்லோவாக்கியாவின் பிரெஷோவ் நகர மருத்துவமனை. பிரசவ வலியில் கிடந்த 20 வயதுப் பெண்ணிடம், இன்னொரு முறை கருவுற்றால் நீயோ குழந்தையோ பிழைக்க முடியாது என்று பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். கருத்தடை என்ற சொல்லின் பொருளே அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் ரோமா இனத்தவர் என்பதைக் கோப்பில் மறக்காமல் எழுதியிருந்தார்கள்! இது இழிவான நடத்தை என்றது நீதிமன்றம். 31,000 யூரோ தரச் சொன்னது. இனப் பாகுபாடு நடந்ததா என்பதை மட்டும் தனியே ஆராயாமல் விட்டுவிட்டது. அதை ஏற்காமல் மாறுபட்ட கருத்தை எழுதியவர் நீதிபதி லிலியானா மியோவிச். அந்தக் கேள்விதானே ஐயா வழக்கின் உயிர்?

ஹங்கேரியில், 2001இல், வயிற்றில் குழந்தை இறந்து ரத்தப்போக்கோடு வந்த ஒரு ரோமா பெண். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்ததிலிருந்து அறுவைச் சிகிச்சையும் கருத்தடையும் முடியும்வரை 17 நிமிடங்கள். அதற்குள் 'சம்மதமும்' வாங்கிவிட்டார்கள். படிவத்தில் கருத்தடைக்கு லத்தீன் சொல். வீடு திரும்பும் முன் அவர் மருத்துவரிடம், மறுபடி எப்போது குழந்தைக்கு முயலலாம் என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் உண்மை தெரிந்தது. இந்த இடத்தைத் தாண்டி என்னால் எளிதாகப் படிக்க முடியவில்லை.

செக் சட்டத்துக்கு வருகிறேன். 1966 முதல் 2012 வரை பாதிக்கப்பட்டவர்களுக்கு 3,00,000 கொருனா (செக் நாணயம்). அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடிய, தாமும் கருத்தடைக்கு ஆளான எலெனா கொரோலோவாவையும் தோழியரையும் வணங்குகிறேன். ஆனால் விண்ணப்பித்தவர்களிடம் மருத்துவக் கோப்பைக் கேட்டார்கள். பல மருத்துவமனைகள் பழைய கோப்புகளை அழித்துவிட்டிருந்தன. கோப்பு இல்லை என்றே சுகாதார அமைச்சகம் பலரைத் திருப்பி அனுப்பியது. சிலர் மறுபடி நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. கோப்பை அழித்தவர் யார்? அதைக் கொண்டுவர வேண்டியவர் யார்?

காத்திருந்தவர்களில் சிலர் இறந்தும்போனார்கள். எதிரணித் தலைவர் அடுத்து எழும்போது, அவர்களுக்கு நீதி எந்தத் தேதியில் கிடைத்தது என்று இந்த அவைக்குச் சொல்லட்டும்.