வரி இல்லை என்று ஒப்பந்தம் போட்டபின் எதற்குச் சண்டை?

வணக்கம் அன்பர்களே. ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய போன பேச்சைக் கேட்டுவிட்டு நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஐயா, பிரிட்டன் வெளியேறியபோது இரு தரப்பும் வரியே இல்லாத வணிகத்துக்கு ஒப்புக்கொண்டதாகச் சொன்னீர்கள். வரி இல்லையென்றால் பிறகு எதற்காக இத்தனை ஆண்டுகள் சண்டை போட்டார்கள்?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. பலரும் கேட்பது "பிரிட்டன் செய்தது சரியா, தவறா" என்பதுதான். இவர் விஷயத்தின் மூட்டையை அவிழ்க்கும் இடத்தில் கை வைத்திருக்கிறார்.

2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு. வெளியேற வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம். 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார்கள். அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே நடப்பில் இருந்தன. டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஒப்பந்தம் முடிவானது. அதன் விதிகளுக்கு உட்பட்ட பொருள்களுக்குச் சுங்க வரி கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. நேயர் சொன்னது சரிதான்.

சுங்க ஒன்றியம், அதாவது தங்களுக்குள் வரியின்றி, வெளியாருக்கு ஒரே சுங்க வரி வைக்கும் நாடுகளின் கூட்டு. அது பற்றிய பழைய பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கும்: வரி வேறு, விதி வேறு. வரி என்பது பணம். ஒரு கையெழுத்தில் அதைப் பூஜ்ஜியமாக்கிவிடலாம். விதி அப்படியல்ல. இந்த இறைச்சியைச் சோதித்த கால்நடை மருத்துவர் யார், இந்தச் செடியில் நோய் உண்டா, இந்த இயந்திரத்தின் பாகங்கள் எந்த நாட்டில் செய்யப்பட்டவை என்ற கேள்விகளெல்லாம் விதியைச் சேர்ந்தவை. ஒன்றியத்துக்குள் இருக்கும்வரை எல்லையில் யாரும் இவற்றைக் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே விதிப் புத்தகம், தகராறு வந்தால் ஒரே நீதிமன்றம். வெளியே வந்த மறுநாள் முதல் எல்லையில் நிற்கும் அதிகாரி கேட்டே ஆக வேண்டும்.

2021 ஜனவரியில் நெதர்லாந்தின் துறைமுகம் ஒன்றில் பிரிட்டனிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்களிடம் சுங்க அதிகாரிகள் சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்ட காட்சி தொலைக்காட்சியில் வந்தது. உள்ளே பன்றி இறைச்சி. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் இறைச்சியோ பால் பொருளோ கையில் கொண்டுவரக் கூடாது. ஓட்டுநர் ஒருவர் ரொட்டியை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்; அதுவும் நடக்கவில்லை. லண்டனிலிருந்து பாரிஸின் லா சப்பல் பகுதியில் இருக்கும் உறவினருக்குப் பால்கோவா அனுப்ப முடியவில்லை என்று முன்பு ஒரு நேயர் வருத்தப்பட்டாரே, அதற்கும் இதே விதிதான் காரணம். இதில் வரி எங்கே இருக்கிறது? ஒரு காசு வரி இல்லை.

வேல்ஸிலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் கடல் சிப்பி எடுத்துப் பிழைப்பவர்களின் கதை இதைவிட வேதனையானது. சில நீர்ப்பகுதிகளில் எடுத்த சிப்பியைச் சுத்திகரிக்காமல் உயிரோடு ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது என்றாகிவிட்டது. அதற்கு முந்தைய மாதம்வரை அதே சிப்பி அதே வாங்குபவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்குக்கும் கதவு மூடப்பட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: இவற்றில் பல விதிகள் பிரிட்டனும் உறுப்பினராக உட்கார்ந்திருந்த காலத்தில் எழுதப்பட்டவை. வெளிநாட்டாருக்காக எழுதிய விதி, தானே வெளிநாடானதும் தன்மேலேயே விழுந்தது.

இனி அயர்லாந்து. இந்தச் சச்சரவின் இதயம் அங்கேதான் இருக்கிறது. அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பினர். வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்கும் சாலைகள் இருநூறுக்கு மேல். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றவர்களுக்கும் இடையே நடந்த முப்பது ஆண்டு வன்முறையில் சுமார் 3,500 பேர் இறந்த மண் அது. எல்லையில் ராணுவக் கண்காணிப்புக் கோபுரங்கள் நின்றிருந்தன. 1998இல் ஏற்பட்ட பெரிய வெள்ளி அமைதி உடன்பாட்டுக்குப் பின் அவை அகற்றப்பட்டன. இன்று அந்தச் சாலைகளில் போகிறவருக்கு எந்த இடத்தில் நாடு மாறியது என்பதே தெரியாது.

இப்போது விதி எல்லையை எங்கே நிறுத்துவது? நிலத்தில் நிறுத்தினால் பழைய புண் திறக்கும். அயர்லாந்துக்கும் மற்ற ஐரோப்பாவுக்கும் இடையே நிறுத்தினால், வெளியேறாத அயர்லாந்து தண்டிக்கப்படும். கடலில், அதாவது வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் நடுவே நிறுத்தினால், பிரிட்டனோடு இணைந்திருப்பதையே உயிராகக் கருதும் யூனியனிஸ்டுகள் கொதிப்பார்கள். இவை தவிர, மொத்தப் பிரிட்டனும் சுங்க ஒன்றியத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு வழி. அப்போதைய பிரதமர் தெரசா மே தம் உடன்பாட்டில் அதைக் காப்பாக வைத்து மூன்று முறை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். மூன்று முறையும் தோற்றார். பின் வந்த போரிஸ் ஜான்சன் கடலைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்துவிட்டு, படிவம் கேட்டால் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்ற தொனியில் வட அயர்லாந்து வணிகர்களிடம் பேசினார். தாம் கையெழுத்திட்டது என்ன என்பதை மக்களிடம் நேராகச் சொல்லாத தலைவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பின்னால் வந்த கசப்பில் பாதி அந்தப் பேச்சில் விளைந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் சாசேஜ் சண்டை. சாசேஜ் என்பது உறையில் அடைத்த அரைத்த இறைச்சி. உறையவைக்காத சாசேஜை வெளிநாட்டிலிருந்து ஒன்றியம் ஏற்பதில்லை. அப்படியானால் லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு, ஒரே நாட்டுக்குள், சாசேஜ் போக முடியாது என்ற நிலை வரவிருந்தது. 2021 ஜூனில் கார்ன்வாலில் ஜி7 மாநாடு. துலூஸ் நகரத்துச் சாசேஜைப் பாரிஸில் விற்கவிடாவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று ஜான்சன் பிரெஞ்சு அதிபர் மக்ரோனிடம் கேட்டதாகவும், அவை இரண்டும் ஒரே நாட்டில் இருக்கின்றனவே என்று மக்ரோன் பதில் சொன்னதாகவும் பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் எழுதின. வட அயர்லாந்து வேறு நாடா என்று லண்டன் கொந்தளித்தது. பெருந்தொற்று பற்றிப் பேசக் கூடிய தலைவர்கள் சாசேஜுக்காக முகம் சிவந்தார்கள்.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும் குற்றமற்றதல்ல. 2021 ஜனவரி 29 அன்று, தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதற்காக அந்த அயர்லாந்து எல்லை உடன்பாட்டின் பகுதிகளை ஒருதலையாக நிறுத்திவைக்க உதவும் அவசரப் பிரிவைக் கையில் எடுத்தது. டப்ளினில் உள்ள அயர்லாந்து அரசைக் கலந்துகொள்ளவே இல்லை. எதிர்ப்பு வெடித்ததும் அன்றிரவே பின்வாங்கியது. ஆனால் அயர்லாந்தின் அமைதியைக் காக்கிறோம் என்று சொல்லிவந்தவர்கள், தேவை வந்தால் அதை ஒதுக்கிவைக்க எத்தனை நேரமாகும் என்பதை யூனியனிஸ்டுகள் அன்று பார்த்துவிட்டார்கள்.

2022 பிப்ரவரியில் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி, கடல் எல்லையை எதிர்த்து, வட அயர்லாந்து ஆட்சியிலிருந்து விலகியது. அங்கே இரு தரப்பும் சேர்ந்துதான் ஆள முடியும். இரண்டு ஆண்டுகள் வட அயர்லாந்துக்கு முழு அதிகாரமுள்ள அரசாங்கமே இல்லை. செவிலியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஊதிய உயர்வு தேங்கியது. 2024 ஜனவரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஃபொன் டெர் லையனும் வின்ட்சரில் புதிய ஏற்பாடு செய்திருந்தார்கள்: வட அயர்லாந்துக் கடைகளுக்கு மட்டும் போகும் சரக்குக்குச் சோதனை குறைந்த பச்சைத் தடம், குடியரசுக்குப் போகக்கூடிய சரக்குக்கு முழுச் சோதனையுள்ள சிவப்புத் தடம். பால், இறைச்சிப் பொட்டலங்களில் "ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல" என்று அச்சிட வேண்டும். பாருங்கள், தீர்வும் விதியைத் திருத்தித்தான் வந்தது. சுங்க வரியைத் தொட்டு வரவில்லை.

மீன் சண்டையையும் இதே கண்ணால் பாருங்கள். 2021 மே 6 அன்று பிரான்ஸ் கரைக்கு அருகே உள்ள, பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த ஜெர்சி தீவின் துறைமுகத்தைச் சுமார் அறுபது பிரெஞ்சுப் படகுகள் சூழ்ந்தன. பிரிட்டன் இரண்டு கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி கடலடிக் கம்பி வழியாகப் பிரான்ஸிலிருந்துதான் போகிறது. அதை நிறுத்தலாம் என்ற பொருளில் பிரெஞ்சு அமைச்சர் ஒருவர் பேசினார். காரணம் என்ன? முன்பு அந்த நீரில் மீன் பிடித்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் உரிமம். சிறிய படகுக்காரர்கள் பலரிடம் இருப்பிடம் பதியும் கருவியே இருந்ததில்லை. தலைமுறையாகப் போய்வந்த கடலுக்குப் போனதற்கான தாளை அவர்கள் எங்கே தேடுவார்கள்?

நேயர் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்: இதெல்லாம் முன்பே தெரியாதா? தெரியும். 2016 ஜூன் 9 அன்று, வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு, டோனி பிளேரும் ஜான் மேஜரும் வட அயர்லாந்தின் டெர்ரி நகருக்குப் போனார்கள். எதிரெதிர்க் கட்சிகளின் முன்னாள் பிரதமர்கள். இருவருமே அயர்லாந்து அமைதிக்கு உழைத்தவர்கள். வெளியேறினால் எல்லைச் சிக்கல் வரும் என்று சேர்ந்து எச்சரித்தார்கள். இங்கிலாந்தின் பிரசாரத்தில் அது எடுபடவில்லை. அங்கே குடியேற்றமும், ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று பிரசாரப் பேருந்தில் எழுதிய கணக்கும்தான் பேச்சு. எல்லையோடு வாழ வேண்டிய வட அயர்லாந்து மக்களில் 55.8 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

முன்னுதாரணமும் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்து 1982இல் வாக்கெடுத்து, மூன்று ஆண்டு பேசி, 1985இல் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு வெளியேறியது. ஐரோப்பியக் கப்பல்கள் மீன் பிடிக்கப் பணம் தருவது, கிரீன்லாந்து மீன் வரியின்றி உள்ளே போவது என்று முன்னதாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது, மீன். நில எல்லையும் கிடையாது. அதனால் முழுமையாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் வேண்டியது என்ன என்று தெரிந்துகொண்டு கதவைத் திறந்தார்கள்.

2025 மே மாதம் லண்டனில் இரு தரப்பும் மீண்டும் அமர்ந்தன. ஐரோப்பியப் படகுகளுக்கு 2038வரை பிரிட்டிஷ் நீரில் மீன்பிடி அனுமதி. உணவு, தாவரச் சோதனைகளைக் குறைக்கத் தனி உடன்பாடு பேசுவதென்றும், அதில் ஒன்றியத்தின் விதிகள் மாறமாற பிரிட்டனும் பின்தொடரும் என்றும் முடிவு. அந்த விதிகளின் பொருளைச் சொல்லும் இறுதி அதிகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே. சிப்பிக்காரர்களும் உருளைக்கிழங்குக்காரர்களும் காத்திருப்பது இதற்காகத்தான்.

நார்வேயும் சுவிட்சர்லாந்தும் எப்படிச் சமாளிக்கின்றன என்று வேறொரு நேயர் கேட்டிருக்கிறார். அதை அடுத்த பேச்சில் எடுத்துக்கொள்கிறேன். வணக்கம்.