ஈயக் குழாயில் இறங்கிய மழை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் என்றொரு மாவட்டம். அங்கே பர்ன்லி என்ற ஊரை ஒட்டி டவுன்லி ஹால் என்ற பெரிய கல் வீடு இன்றைக்கும் நிற்கிறது. 1677 ஜனவரியில் அந்த வீட்டுக்காரர் ரிச்சர்ட் டவுன்லி, கூரைமேல் ஒரு புனலைப் பொருத்தினார். வாய் அகலம் 12 அங்குலம். புனலின் அடியில் ஓர் ஈயக் குழாயைப் பற்றவைத்து, சுமார் ஒன்பது கஜம் கீழே இறக்கி, தான் தங்கும் அறைக்கே கொண்டுவந்துவிட்டார். மழை பெய்தால் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி அவர் வைத்திருக்கும் பாத்திரத்தில் விழும். அவர் அதை எடை பார்த்துக் குறித்துக்கொள்வார். நடுராத்திரியில் பெய்தாலும் சரி, பனிக்காலத்துச் சாரலானாலும் சரி, வெளியே போய் நனைய வேண்டியதில்லை.

கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் அந்தக் குழாயில்தான் பிரிட்டனின் முறையான மழை அளவீடு தொடங்குகிறது. தினமும் செய்கிற வேலையை எவ்வளவு சுலபமாக்குகிறோமோ, அவ்வளவு காலம் அது நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 12 அங்குல வாயுள்ள புனலில் ஓர் அங்குல மழை பெய்தால் கிட்டத்தட்ட 1.85 லிட்டர் தண்ணீர் சேரும். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவு. பதினைந்து ஆண்டுக் கணக்கை 1694இல் லண்டனில் இருந்த அறிவியலாளர் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அவர் ஊரில் சராசரியாக ஆண்டுக்கு 41 அங்குலம். அதே காலத்தில் பாரிஸில் அளந்தவர்களுக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. தென்மேற்கிலிருந்து கடலைக் கடந்து வரும் மேகங்களைத் தன் ஊர்ப்பக்கத்து மலைகள் தடுத்துவிடுகின்றன, அதனால்தான் இவ்வளவு மழை என்று காரணத்தையும் அவரே சொன்னார். டவுன்லி கத்தோலிக்கர். அந்தக் கால இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு அரசுப் பதவியின் கதவும் பல்கலைக்கழகத்தின் கதவும் அடைத்தே இருந்தன. மனிதர் வீட்டிலிருந்தபடி வானத்தை அளந்தார்.

இதற்கு முன்னாலும் வானிலையை எழுதி வைத்தவர்கள் உண்டு. 1337 முதல் 1344 வரை வில்லியம் மெர்ல் என்ற பாதிரியார் எழுதிய குறிப்பு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே எஸெக்ஸ் மாவட்டத்தில் எர்ல்ஸ் கோன் என்ற ஊரின் பாதிரியார் ரால்ஃப் ஜோசலின், நாற்பது வருட நாட்குறிப்பில் மழையையும் வெயிலையும் அறுவடையையும் குறித்திருக்கிறார். அவருக்கு அவை கடவுளின் அருளையும் கோபத்தையும் காட்டும் அடையாளங்கள். நூற்றாண்டின் நடுவில்தான் நிலைமை மாறியது. 1640களில் இத்தாலியில் காற்றழுத்தத்தைக் காட்டும் டாரிச்செல்லியின் பாதரசக் குழாய் வந்தது. அப்புறம் ஃபிளாரன்ஸ் நகரத்தில் வாய் மூடி உருக்கிய கண்ணாடி வெப்பமானிகள் வந்தன. ‘இன்று குளிர்’ என்று எழுதிவந்த கை, ‘எவ்வளவு குளிர்’ என்று எழுதத் தொடங்கியது.

ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒருவர் குறிப்பை இன்னொருவர் குறிப்போடு வைத்துப் பார்க்க முடியாது, இல்லையா? அதற்கு வழி செய்தவர் ராபர்ட் ஹூக். லண்டனில் ராயல் சொசைட்டியின் சோதனைகளைச் செய்து காட்டும் பொறுப்பில் இருந்தவர். வானிலையின் வரலாற்றை எழுதுவது எப்படி என்று 1663இல் ஒரு திட்டம் தந்தார். 1667இல் அது அச்சானது. ஒரு மாதம் முழுவதையும் ஒரே பக்கத்தில் பார்க்கும்படி கட்டம் போட்ட படிவம் அது. தேதி, நேரம், காற்றின் திசையும் வேகமும், வெப்பம், ஈரம், காற்றழுத்தம், வானத்தின் முகம். அதற்குப் பிறகு விசேஷங்களுக்கு ஒரு கட்டம். இடி இடித்ததா, அதனால் பீர் புளித்ததா, பால் திரிந்ததா, பட்டுப்புழு செத்ததா என்பதையெல்லாம் அதில் எழுதச் சொன்னார். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கிற விஷயங்களும் அறிவியலுக்குள் வரட்டும் என்று நினைத்தார் ஹூக். அந்தப் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

வானத்தின் முகத்தை எழுதப் பொதுவான சொற்கள் வேண்டும். அதையும் அவரே வகுத்தார். வெள்ளை வெளேரென்று பெரிய உருண்டை மேகங்கள் ஆங்காங்கே நிற்கும் கோடை வானத்துக்கு ஒரு சொல். உயரத்தில் மயிரிழை போல மெல்லிய மேகம் படர்ந்திருந்தால் வேறொரு சொல். பொடிப்பொடியாக மெல்லிய மேகங்கள் அலையலையாகப் பரவி, பளபளக்கும் அலைப்பட்டுத் துணி போல் இருந்தால் அதற்கும் ஒன்று. அந்த வானத்துக்குச் சில ஊர்களில் மக்கள் வைத்திருந்த பெயரையும் பக்கத்திலேயே குறித்தார்: கானாங்கெளுத்தி வானம். அந்த மீனின் முதுகை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

ஈரத்தை அளக்க ஹூக் எடுத்தது காட்டு ஓட்ஸ் புல். அதன் மணியிலிருந்து மீசை போல ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். அந்த முடியின் ஒரு முனையை ஒரு சின்னப் பெட்டிக்குள் அசையாமல் பொருத்தினார். மறுமுனையில் எடையே இல்லாத மெல்லிய முள் ஒன்றை ஒட்டினார். கீழே வட்டமாகக் கோடு போட்ட தட்டு. காற்றில் ஈரம் ஏறினால் முள் ஒரு பக்கம் திரும்பும், வறண்டால் மறுபக்கம். வயலோரத்துப் புல்லிலிருந்து ஒரு கருவி! அதை வாயால் ஊதியும் திருப்பலாம், மூச்சில் இருக்கிற ஈரமே போதும்.

வெப்பமானிதான் பெரிய தொல்லை. ஒவ்வொரு கண்ணாடிக்காரரும் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டார். ஒருவர் வீட்டில் 12 என்றால் அடுத்த வீட்டில் அது 30 ஆக இருக்கும். தண்ணீர் உறையத் தொடங்கும் இடத்தைப் பூஜ்யமாக வைப்போம் என்று ஹூக் ஒரு வழி சொன்னார். மதுசாரத்தில் கொச்சினீல் என்ற பூச்சியின் சிவப்புச் சாயத்தைக் கலந்து குழாயில் அடைத்தார், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. ஆனால் ஊர் ஊராக எல்லோரும் ஒரே அளவுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

1666ஆம் ஆண்டின் இளவேனில். ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியைச் சேர்ந்த 33 வயது ஜான் லாக், பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு சாமர்செட்டின் மெண்டிப் மலைப்பகுதிக்குப் போனார். பிற்காலத்தில் தத்துவத்தில் பெரிய பெயர் எடுத்த அதே லாக்தான். அன்றைக்கு மருத்துவத்தில் ஆர்வம் கொண்ட ஓர் இளைஞர். ஈயச் சுரங்கத்துக்குள் காற்றழுத்தம் எப்படி மாறுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி, காற்றை ஆராய்ந்துவந்த அறிவியலாளர் ராபர்ட் பாயில் கேட்டிருந்தார். சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் கருவியைக் கண்டு மிரண்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று இவர் சொன்னதும் சந்தேகம் இன்னும் கூடியது. ஏதோ உள்நோக்கத்தோடு வந்திருக்கிறார் என்று ஆண்கள் நினைத்தார்கள். மாயமந்திரக்காரராக இருக்குமோ என்று பெண்களுக்குப் பயம். உள்ளே விடவே இல்லை.

போன காரியம் நடக்காமல் திரும்பிய லாக், அடுத்த மாதமே, ஜூன் 24ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். தேதி, மணி, வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரமானி, காற்று, வானிலை. வரி வரியாக எண்கள், பக்கத்தில் இரண்டொரு சொற்கள்: தெளிவு, மேகம், மழை. புரட்டிக்கொண்டே போனால் கண் களைத்துவிடும். அப்படியே செப்டம்பர் 4ஆம் தேதிக்கு வருவோம்.

அன்றைய கட்டத்தில், மங்கலான செந்நிற வெயில் என்று குறித்திருக்கிறார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை, ஆனாலும் சூரிய ஒளி விசித்திரமான சிவப்பாக, மங்கலாக இருக்கிறது, கவனிக்கத்தக்க விஷயம் என்கிறார். கூடவே ஒரு விளக்கம். லண்டன் தீயைப் பற்றி நாங்கள் அப்போது எதுவும் கேள்விப்பட்டிருக்கவில்லை, லண்டன் எரிந்த புகையைக் கிழக்குக் காற்று இந்தப் பக்கம் கொண்டுவந்தது என்று பின்னால் தெரியவந்தது என்கிறார்.

லண்டன் பெருந்தீ செப்டம்பர் 2ஆம் தேதி, ஞாயிறு விடிவதற்கு முன்னால், புட்டிங் லேன் என்ற தெருவில் ஒரு ரொட்டி அடுமனையில் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்ட் அங்கிருந்து சுமார் 85 கிலோமீட்டர். செய்தி குதிரையேறி வரவேண்டிய காலம். அது வந்து சேருமுன் புகை வந்துவிட்டது, அதை ஒருவர் எழுதியும் வைத்துவிட்டார். இதை முதன்முதலில் படித்த அன்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரில் எத்தனையோ பேர் அந்தச் சிவப்பு வெயிலைப் பார்த்திருப்பார்கள். பேசியும் இருப்பார்கள். லாக்கிடம் அதற்கென்று கோடு போட்ட ஒரு கட்டம் தயாராக இருந்தது. எழுதுகிற பழக்கத்துக்கு அப்போது வயது பத்து வாரம்தான். காரணம் தெரியாதபோதும் கண்ணில் பட்டதைக் குறித்துவைத்தார். காரணம் தானாகப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

எல்லோரும் ஒரே நோக்கத்தோடு எழுதவில்லை. லண்டனில் மெர்ச்சண்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த ஜான் கோட், முப்பது வருடத்துக்கும் மேல் தினமும் வானிலை எழுதினார். கிரகங்கள்தாம் மழையையும் காற்றையும் ஆட்டிவைக்கின்றன என்று நிரூபிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1686இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே வெளியிட்டார். அவர் கொள்கை நிற்கவில்லை. ஆனால் எந்த நாளில் மழை பெய்தது என்று அவர் எழுதியது எழுதியதுதான். இன்னொரு பக்கம் ஹூக்கைப் பாருங்கள். படிவம் தந்தவரே அவர். 1672 மார்ச்சில் அவருடைய நாட்குறிப்பும் வானிலைக் குறிப்பாகத்தான் தொடங்குகிறது. போகப்போக லண்டனின் கட்டட வேலைகளும் காபிக் கடைப் பேச்சுகளும் பக்கங்களை நிரப்ப, பாதரச அளவுகள் அருகிவிடுகின்றன.

1684ஆம் ஆண்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பிளாட் அந்த ஆண்டு முழுவதும் நாள்தோறும் காற்றழுத்தத்தைப் பார்த்து, எண்களாக அடுக்காமல் கோடாகவே வரைந்துவிட்டார். பாதரசம் ஏறி இறங்கியதை ஒரு பார்வையில் காட்டும் கோடு. அடுத்த ஆண்டு அது அச்சிலும் வந்தது. இன்று மருத்துவமனையிலும் பங்குச் சந்தையிலும் நாம் பார்க்கிற ஏற்ற இறக்கக் கோடுகளுக்கு அதை மூத்த உறவு என்றே சொல்லலாம். அந்த ஜனவரியில் தேம்ஸ் ஆறு உறைந்து கிடந்தது. பனிக்கட்டிமேல் தெருத்தெருவாகக் கடை போட்டதையும், அச்சு இயந்திரத்தை இறக்கி வந்தவர்களுக்குப் பெயர் அச்சிட்டுக் கொடுத்ததையும், குதிரை வண்டிகள் ஓடியதையும் அந்தக் கால எழுத்தாளர் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மன்னர் இரண்டாம் சார்லஸ்கூட வந்து தன் பெயரை அச்சிட்டு வாங்கிப் போனார்.

அந்த ஜனவரி எவ்வளவு குளிர்? மத்திய இங்கிலாந்தில் மாதச் சராசரி மைனஸ் 3 டிகிரி செல்சியஸ் என்று இன்று சொல்ல முடிகிறது. சொல்ல வைத்தவர் கார்டன் மேன்லி என்ற புவியியல் பேராசிரியர். பழைய நாட்குறிப்புகளையும் பதிவேடுகளையும் தேடித்தேடிப் படித்து, 1659இலிருந்து மாதவாரியாக வெப்பநிலை வரிசை ஒன்றைக் கோத்தார். 1953இலும் 1974இலும் வெளியிட்டார். உலகத்திலேயே கருவி கொண்டு அளந்த மிக நீண்ட வெப்பநிலை வரிசை அதுதான். அந்த வேலையில் இருந்த சிரமத்தை யோசித்துப் பாருங்கள். கருவிக்குக் கருவி வேறு அளவு. சிலர் வெப்பமானியை வெளியில் மாட்டாமல் நெருப்பு மூட்டாத அறைக்குள் வைத்திருந்தார்கள். காலண்டர் வேறு பத்து நாள் பின்தங்கி இருந்தது. லாக்கின் செப்டம்பர் 4 நம் கணக்கில் செப்டம்பர் 14. புது வருடம் மார்ச் 25இல் பிறந்ததால் ஜனவரிக்கு எந்த ஆண்டு என்பதிலேயே குழப்பம். இத்தனையையும் பொறுமையாகச் சீர்செய்தார் மேன்லி.

லாக்கின் பதிவேட்டிலும் இடைவெளிகள் உண்டு. பிரான்ஸுக்குப் போனார், திரும்பி வந்தார். 1683 ஜூனில் அந்த வரிசை நின்றுவிடுகிறது. அரசியல் நெருக்கடி முற்றி, அதே ஆண்டில் அவர் ஹாலந்துக்குத் தப்பிப் போனார். இங்கிலாந்து திரும்பிய பிறகு லண்டனின் நிலக்கரிப் புகை அவர் மூச்சுக்கு ஒத்துவரவில்லை. எஸெக்ஸில் ஓட்ஸ் என்ற கிராமத்து வீட்டில், தோழி டமாரிஸ் மாஷமின் குடும்பத்தோடு தங்கினார். 1691இன் கடைசியில், அறுபதை நெருங்கும் வயதில், பதிவேட்டை மறுபடி திறந்தார். அந்த டிசம்பரின் கடைசி நாளில் பாயில் இறந்துபோனார். காற்றைப் பற்றி அவர் விட்டுப்போன நூலை லாக்தான் அச்சுக்குக் கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்ட் பதிவேடும் அதில் சேர்ந்து 1692இல் வெளிவந்தது. செப்டம்பர் 4ஆம் தேதியின் சிவப்பு வெயில் நம் கைக்கு வந்தது அந்த வழியில்தான்.

சாவதற்குச் சற்று முன்னால் லாக், ஓட்ஸில் எழுதிய 1692ஆம் ஆண்டுப் பதிவேட்டை ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹான்ஸ் ஸ்லோனுக்கு அனுப்பிவைத்தார். இப்படி ஒரு பதிவேடு, இதைவிட நல்ல கருவிகளோடு, நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால், காற்றைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் எவ்வளவோ தெரிந்துகொள்ளலாமே என்று ஆசைப்பட்டு எழுதினார். 1704 அக்டோபரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அந்தப் பதிவேடு அச்சாகியது.

அவர் ஆசைப்பட்ட அந்தக் காலத்திலேயே, அதே எஸெக்ஸில், அப்மின்ஸ்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம் தினமும் வெப்பமும் அழுத்தமும் குறித்துக்கொண்டிருந்தார். அவருடைய எண்களும் மேன்லியின் வரிசையில் இருக்கின்றன. மழையையும் புனலில் பிடித்து எடை பார்த்தார். வடக்கே லங்காஷயரில் ஈயக் குழாய்க்கு அடியில் டவுன்லி எழுதிய கணக்கை வாங்கி, தன் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டவுன்லியின் ஊரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை.

வணக்கம்.