மார்கழி ஞாயித்துக்கு வாரியளா?

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டுப் பொங்கல் வேலையை அப்படியே போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பாளையங்கோட்டைப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சாமி கும்பிடாதவர்களுக்கென்று மார்கழியில் தனியாக ஒரு திருநாள் தேவையா, தேவை இல்லையா? இதுதான் இன்றைய தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி மூன்று கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் சோடா குடிக்கப் போய்விட்டார். சாமியே இல்லை என்கிறவனுக்குத் திருநாள் எதற்கு? பொங்கல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? பனியில் நடுங்குகிற வெள்ளைக்காரன் செய்ததை நம்ம வெயிலூரில் வைத்து என்ன செய்ய?

முதல் கேள்விக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்து பதில் சொல்கிறேன்.

எங்கள் அப்பா கருப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது, தீபாவளி கிடையாது. ஆனால் தெருவில் எல்லாம் உண்டு. டிசம்பர் 24 சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சரம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் கேக்கும், அச்சு முறுக்கும், முந்திரிக்கொத்தும் வைத்து, மேலே பூப்போட்ட துணி மூடிக் கொடுத்துவிடுவார்கள். தட்டின் அடியில் அவர்கள் வீட்டுப் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் இருந்து அதிரசமும் சுசியமும் வரும். நோன்புப் பெருநாளைக்கு மேலப்பாளையத்தில் இருந்து அப்பாவின் கூட்டாளி ஒரு தூக்கு நிறையப் பிரியாணி கொடுத்துவிடுவார். தின்றது நாங்கள்தான், அதில் கொள்கை எதுவும் குறுக்கே வரவில்லை.

பிரச்சினை தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது. வந்த தட்டை வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது என்பது நம்ம ஊர் வழக்கம், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மா தட்டைக் கழுவித் துடைத்து, சீனி டப்பாவைத் திறந்து, ஒரு கை சீனி அள்ளிப் போட்டு, “கொண்டு குடுத்துட்டு வா” என்பாள். வருஷம் முழுக்க, எந்தத் தட்டு வந்தாலும், அதே ஒரு கை சீனி. சின்னப் பிள்ளையாக அந்தத் தட்டைத் தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஒருநாள் டீச்சரம்மாவின் மகள் கேட்டாள்: “ஒங்களுக்கு எப்பதான் விசேஷம்?” வெடுக்கென்று கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எதிரணி அண்ணாச்சி, திருநாள் என்றால் சாமிக்கும் மனுஷனுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் என்று நினைத்துவிட்டார். அதில் பாதி வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல். சாமி இல்லை என்று சொன்ன எங்கள் வீடு அந்தப் பாதியில் நாற்பது வருஷமாகக் கடன்காரியாக நிற்கிறது.

சரி, பொங்கலுக்கு வருவோம். பெரியாரே பொங்கலைத் தமிழர் விழா என்று ஏற்றுக்கொண்டவர்தானே, அது போதாதா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் பொங்கல் உண்டு, அண்ணாச்சி. மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் வாங்குவோம். பிள்ளையார் பிடிக்காமல் பானையை ஏற்றுவோம், பாட்டி முணுமுணுப்பாள், அது தனிக்கதை. ஆனால் அன்றைக்கு எந்த வீட்டில் பானை ஏறவில்லை? டீச்சரம்மா வீட்டிலும்தான் பொங்குகிறது. சர்க்கரைப் பொங்கல் பொங்கிய வீட்டுக்கு நான் இன்னொரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனால், அது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. பொங்கல் ஊருக்கே விசேஷம். நாங்கள் கேட்பது, மற்றவர்கள் கை சும்மா இருக்கிற ஒரு நாளில், “இன்னைக்கு எங்க வீட்ல விசேஷம், வாங்க” என்று சொல்கிற வாய்ப்பு.

இதில் வானக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. சூரியன் வடக்கே திரும்புகிற நாள்தான் தை முதல் நாள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது சுமார் 1,700 வருஷத்துக்கு முந்திய வானத்துக்குச் சரி. நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுகிறது. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லச் சுழல்வதால், ஏறத்தாழ 72 வருஷத்துக்கு ஒரு நாள் என்று வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகிறது. இப்போது சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். அதாவது மார்கழி முதல் வாரத்தில். நாம் பொங்கலோ பொங்கல் என்று சொல்லும்போது சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதனால் பொங்கலுக்கு ஒரு குறையும் இல்லை. நிஜமாகவே திரும்புகிற நாள் சும்மா கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாமா என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது கேள்வியில் அண்ணாச்சி பாதி சரி, ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் நியூஜெர்சிப் பக்கம் மனிதநேயவாதிகள் 2001-இல் டிசம்பர் 23-ஐ ‘ஹியூமன்லைட்’ என்று கொண்டாடத் தொடங்கினார்கள். அறிவுக்கு ஒன்று, பரிவுக்கு ஒன்று, நம்பிக்கைக்கு ஒன்று என்று மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்த ஊரில் டிசம்பரில் மாலை நாலரைக்கே பொழுது அடைந்துவிடும், ஒளி என்று பெயர் வைத்தால் பொருந்தும். நம்ம திருநெல்வேலியில் வருஷத்தின் மிகக் குறுகிய பகலே சுமார் 11 மணி 36 நிமிஷம். மிக நீண்ட பகல் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். இங்கே இருட்டைக் காட்டிப் பயமுறுத்தினால் மின்வாரியத்துக்குத்தான் போன் பண்ணுவார்கள். அப்புறம் அந்த மூன்றாவது மெழுகுவத்தி. அவர்கள் சொல்கிற நம்பிக்கை, நாளைக்கு நல்லது நடக்கும் என்கிற நம்பிக்கை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் ‘நம்பிக்கை’ மெழுகுவத்தி ஏற்றினால், வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் மெழுகு உருகிவிடும்.

ஆகவே அவர்கள் விழாவை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் உட்கார்ந்து செய்தால் திருநாள் ஆகிவிடுமா என்று ஏளனமாகக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாத் திருநாளும் யாரோ செய்ததுதான். சிலது நிற்கிறது, சிலது நிற்பதில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் காலண்டரையே மாற்றினார்கள். வாரத்துக்குப் பத்து நாள், பத்தாவது நாள் ஓய்வு. ஏழு நாளைக்கு ஒரு லீவு எடுத்துக்கொண்டிருந்தவனிடம் பத்து நாளைக்கு ஒரு லீவு என்றால் எந்த உழவன் ஒத்துக்கொள்வான்? 1806 பிறந்தபோது பழைய காலண்டர் திரும்பி வந்துவிட்டது. சோவியத்தில் முதலில் கிறிஸ்துமஸ் மரத்தை ஒழித்துக்கட்டினார்கள். 1935 கடைசியில் அதே மரத்தைப் புத்தாண்டு மரம் என்று பெயர் மாற்றிப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1991-இல் சோவியத்தே போய்விட்டது, மரம் இன்னும் நிற்கிறது. நம்ம ஊரிலும் பார்த்தோமே. 2008-இல் சட்டம் போட்டுத் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டு ஆக்கினார்கள், 2011-இல் அடுத்த ஆட்சி அதைச் சித்திரைக்கே திருப்பியது. யார் செய்தது சரி என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை, நடுவர் அண்ணாச்சி மணியைத் தடவுவது தெரிகிறது. பிள்ளைகள் கைக்குப் போகாத திருநாள் கெசட்டோடு நின்றுவிடும் என்கிறேன்.

பிள்ளைகள் கைக்குப் போனது எது தெரியுமா? நம்ம சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி பூராவும் வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூச் செருகும் பெண்பிள்ளைகள், அந்தச் சாணியைப் பூவோடு வரட்டி தட்டிக் காயவைப்பார்கள். தையில் முற்றத்தில் மண்ணைக் குழைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு வீடு, அதற்கு வாசல், அடுப்படி. அதற்குள் பொங்கல் வைத்து, வரட்டியை எல்லாம் ஆற்றில் கொண்டு விட்டுவிட்டு வருவார்கள். எந்த அரசு இதற்கு ஆணை போட்டது? பெரியவர்களுக்குப் பெரிய பொங்கல் இருக்கும்போது உங்களுக்கு எதற்கடி தனிப் பொங்கல் என்று எந்த அப்பனாவது கேட்டானா? சிறுவீட்டுக்கு இடம் கொடுத்த திருநெல்வேலிச் சீமை எங்களுக்கும் ஒரு முற்றம் கொடுக்கும்.

பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-இல் ஐயர் இல்லாமல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தபோது சிரித்தவர்கள் எத்தனை பேர்! 1967-இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. கல்யாணத்துக்கு 39 வருஷம் காத்திருந்தவர்கள் ஒரு திருநாளுக்குக் கொஞ்சம் காத்திருக்க மாட்டோமா?

இனி பெயர். எங்கள் அணிக்குள்ளேயே சண்டை நடந்தது இதில்தான். ஒருவர் ‘பகுத்தறிவுப் பெருவிழா’ என்றார். கேட்டவுடன் மேடை, மைக்செட், நன்றியுரை எல்லாம் கண்ணில் தெரிந்தது, சாப்பாடு தெரியவில்லை. இன்னொருவர் ‘மனிதநேய ஒளித் திருநாள்’ என்றார். அது கண் சிகிச்சை முகாம் மாதிரி இருக்கிறது. ‘சமயம் சாராக் குளிர்கால விழா’ என்று ஒரு பேராசிரியர் எழுதிக் கொடுத்தார், அதற்கு ரேஷன் கார்டு கேட்பார்கள். ஒரு திருநாளின் பெயர் சரியா என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கட்டிக்கொடுத்த மகளுக்குத் தாய் போனில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். “தீவாளிக்கு வாரியளா?” நிற்கிறது. “பகுத்தறிவுப் பெருவிழாவுக்கு வாரியளா?” மாப்பிள்ளை போனை வாங்கி, “அத்தே, தலைமை யாரு?” என்று கேட்பார்.

எங்களுக்குப் பெயர் கொடுத்தது 2023 மழை. இங்கே இருக்கிற எல்லாரும் அதில் நனைந்தவர்கள்தான். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, விடாமல் பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் 800 பேரோடு மாட்டி நின்றது. சுற்றி வெள்ளம், தண்டவாளத்துக்குக் கீழே மண் இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்போது சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர் என்ன சாமி என்று கேட்டுச் சோறு போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மழை விட்டு வெயில் முகம் காட்டியதும், ஒரே மாடி வீடு எங்களுடையது என்பதால், தெருவே எங்கள் மொட்டை மாடிக்கு ஏறியது. ஊறிப்போன இலவம்பஞ்சு மெத்தைகள், பிள்ளைகளின் நோட்டுகள், பட்டா, பத்திரம். டீச்சரம்மாவின் பைபிளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, காற்றில் மடங்காமல் இருக்க மேலே வெண்கல விளக்கை வைத்திருந்தார்கள். விளக்கு பக்கத்து வீட்டு ஆச்சியுடையது. அப்பா தன் பழைய ‘விடுதலை’ கட்டுகளை அந்த ஓரத்தில் விரித்திருந்தார். ஆச்சி வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “ஞாயிறு வந்தாத்தானப்பா எல்லாம்” என்றாள்.

அப்போதே பெயர் முடிந்துவிட்டது. தமிழில் சூரியனும் ஞாயிறு, லீவு நாளும் ஞாயிறு. வேறு எந்தப் பகுத்தறிவாளனுக்கு இந்தச் சௌகரியம் உண்டு? டிசம்பர் 21-க்கு மிகப் பக்கத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை, மார்கழி ஞாயிறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 18-க்கும் 24-க்கும் நடுவில்தான் விழும், ஒருநாளும் 25-ஐ மிதிக்காது. அரசு விடுமுறைக்கு மனுப் போட வேண்டாம். கோயிலுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட்டு வரலாம், சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஆராதனை முடிந்து வரலாம். எங்கள் சாப்பாடு மத்தியானம். சோதனையிலும் தேறிவிட்டது: “மார்கழி ஞாயித்துக்கு வாரியளா?”

சூரியனும் சாமிதானே என்று எதிரணியில் ஒரு அக்கா முணுமுணுக்கிறார்கள். உங்களுக்குச் சாமியாக இருக்கட்டும் அக்கா, எங்களுக்கு மெத்தையைக் காயவைத்தது. இரண்டு பேருக்கும் வெயில் ஒன்றுதான்.

அன்றைக்கு என்ன சமையல்? கூட்டாஞ்சோறுதான். ஒரு வீட்டு அரிசி, ஒரு வீட்டுத் துவரம்பருப்பு, இன்னொரு கொல்லை முருங்கைக்கீரை, யாரோ கொண்டுவந்த கத்தரிக்காய், மாங்காய். தேங்காயும் வத்தலும் சீரகமும் அரைத்துவிட்டு ஒரே அண்டாவில் கிண்டுவது. ஒரு அண்டாவில் எல்லா வீட்டு அரிசியும் சேர்வதை விரும்பாதவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சாப்பாடு.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிஷம்.

பேச்சோடு நிற்கக் கூடாது என்று போன மாதம் எங்கள் வீட்டில் முதல் மார்கழி ஞாயிறு வைத்தோம். மாடியில்தான். பதினோரு பேர் வந்தார்கள், அதில் சாமி கும்பிடாதவர்கள் நான்கு பேர். டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை. அம்மா எங்கள் வீட்டுத் தூக்கில், அடியில் எங்கள் பெயர் வெட்டிய தூக்கில், கூட்டாஞ்சோறு நிறைத்து மேலே ரெண்டு அப்பளம் வைத்துக் கொடுத்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டுப் பாத்திரம் நிறைந்து தெருவைக் கடந்தது.

சாயங்காலம் டீச்சரம்மாவின் பேரன் தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தான். “என்ன விசேஷம்னு முன்னாடியே சொல்லப்படாதா, ஏதாச்சும் பண்ணியிருப்பம்லா, இப்ப கைல ஒண்ணும் இல்லன்னு பாட்டி சொல்லச் சொன்னாவ” என்றான். அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு கை சீனி இருந்தது.