உள்ளங்கைக்குள் ஒரு கோட்டைப் போர்

நேயர்களுக்கு வணக்கம்.

பெருந்திரைக்கென எடுக்கப்பட்ட ஒரு மாயக்கதை, சட்டைப்பைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவியொன்றுக்குள் எவ்வாறு இறங்கியது என்பதைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். நான் எடுத்துக்கொள்வது, 2002 நவம்பரில் கேம் போய் அட்வான்ஸ் கருவிக்காக வெளிவந்த ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்: த டூ டவர்ஸ்’ என்ற விளையாட்டு. டோல்கீனின் நாவலைத் தழுவிப் பீற்றர் ஜக்சன் நியூசிலாந்தில் எடுத்த மூன்று படங்களுள் இரண்டாவதன் பெயரே அதற்கும் சூட்டப்பட்டிருந்தது. படம் டிசம்பரில்தான் திரைக்கு வந்தது. விளையாட்டு அதற்கு முன்பே கடைகளில் இருந்தது.

அதே ஆண்டு, அதே பெயரில், அதை வெளியிட்ட எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனமே தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கும் ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஸ்டோர்ம்ஃபிரண்ட் ஸ்டூடியோஸ் உருவாக்கிய அந்த விளையாட்டில் படத்தின் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல உருமாறி, நாம் ஆட்டுவிக்கும் களமாக ஆகிவிடும். பார்த்தவர்கள் வியந்தார்கள், வியப்பதற்கு அதில் காரணமும் இருந்தது. கையடக்கக் கருவிக்கான விளையாட்டை உருவாக்கியது கிரிப்டோனைட் கேம்ஸ் என்ற வேறொரு குழு. அவர்கள் படத்தைப் போலத் தோன்றவேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, களத்தைச் சாய்வாக மேலிருந்து பார்க்கும் கோணத்தைத் தேர்ந்துகொண்டார்கள். இவ்விரண்டில் எனக்கு இரண்டாவதுதான் உயர்ந்த வேலையாகப் படுகிறது.

கருவியின் அளவைச் சொன்னால் காரணம் விளங்கும். அதன் திரை 240 புள்ளி அகலமும் 160 புள்ளி உயரமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 38,400 புள்ளிகள். முப்பரிமாண உருவங்களை வரைவதற்கென்று தனியான வன்பொருள் அதனுள் இல்லை. பக்கத்துக்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களை, வீட்டுத் தரைக்கு ஓடு பதிப்பதுபோல ஒன்றோடொன்று சேர்த்துத்தான் மலையும் மதிலும் உண்டாக்கவேண்டும். அந்தத் தரைக்கு மேல், ஒரே நேரத்தில் 128 அசையும் துண்டுகளை அது காட்ட வல்லது. ஆனால் பெரிய உருவமொன்று பல துண்டுகளை விழுங்கிவிடும். படத்திலோ, ஹெல்ம்ஸ் டீப் கோட்டையை நோக்கி வருவது 10,000 பேர் கொண்ட சேனை. அதற்கென ஸ்டீபன் ரெஜலஸ் என்பவர் ‘மாசிவ்’ என்ற மென்பொருளை எழுதினார். அதில் ஒவ்வொரு படைவீரனும் தன்னைச் சுற்றி நடப்பதை உணர்ந்து தானே அடுத்த அடியைத் தீர்மானிப்பான்.

பத்தாயிரத்தைக் காட்ட இயலாத இடத்தில் நாலைந்தை வைத்துப் பத்தாயிரத்தை எப்படி உணரவைப்பது? இந்த வித்தை நமக்குப் புதிதன்று. நமது கிழக்கிலங்கைக் கூத்துக் களரியில் அரசன் வட்டத்தைச் சுற்றி வந்தால் ஒரு காடு கடந்துபோயிற்று; எதிரே நிற்கும் இருவர் ஒரு படை. பார்ப்பவர் எவரும் மீதிப் படை எங்கே என்று கேட்பதில்லை. இந்த விளையாட்டும் அவ்வாறே எதிரிகளைச் சிறு சிறு கூட்டமாக அனுப்புகிறது. நாலு பேரை வெட்டி நிமிர்வதற்குள் திரையின் விளிம்பிலிருந்து இன்னும் இருவர் நுழைவார்கள். விளிம்புக்கு அப்பால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாததால்தான் அச்சம் உண்டாகிறது.

சாய்கோணத்துக்கு விலையும் உண்டு. இவ்வகை விளையாட்டுகளில் ஒரு வீரன் எட்டுத் திசைகளிலும் நடக்கவும் வெட்டவும் வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிப் படங்கள் தேவை. வேலையையும் இடத்தையும் மிச்சப்படுத்த ஐந்து திசைகளை வரைந்து, மற்ற மூன்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போடுவது ஓவியர்களின் வழக்கம். அப்படித் திருப்பும்போது வலக்கையில் இருந்த வாள் இடக்கைக்குப் போய்விடும். கணினி வரைகலை கற்பிக்கும் நான் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள்; அடுத்த வகுப்பில் அவர்களே அதைச் செய்துகொண்டு வருவார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், வெளிநாடுகளில் இருந்த உறவினர்கள் திருகோணமலைக்கு வந்துபோகத் தொடங்கினார்கள். 2003 ஆடி மாதத்தில் கனடாவிலிருந்து வந்த மாமாவின் பையில்தான் இந்தக் கருவி எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் மாதிரி என்பதால் அதன் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பி அனுப்பித்தான் அது படம் காட்டும். அந்தக் குறைக்காக மேலைநாடுகளில் பலரும் அதைத் திட்டினார்கள் என்பதைப் பின்னர்தான் வாசித்தேன். எங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. கோணேசர் மலைப்பக்கமிருந்து டச்பே கடற்கரைமீது விழும் காலை வெயிலில் புல்லின் பச்சையும் கோட்டைக் கல்லின் சாம்பல் நிறமும் எழுந்து நின்றன. கச்சான் காற்று வாரியிறைத்த மணல் பொத்தான்களுக்குள் புகுந்து நெறுநெறுவென்றது ஒன்றே தொல்லை. மாலையானதும் நிலைமை வேறு. இருண்ட கட்டங்களில் எதிரி எங்கே, சுவர் எங்கே என்று புலப்படாது. ஒருவர் ரோச் பிடிக்க மற்றவர் விளையாடவேண்டும். கருவிக்கு இரண்டு சிறு பற்றரிகள் போட்டால் ஏறத்தாழ 15 மணித்தியாலம் ஓடும். ரோச்சுக்கு வாங்கிய பற்றரிகளைக் கணக்கில் சேர்த்தவர் அம்மா மட்டுமே.

உரிமம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸிடம் இருந்தது படங்களுக்கான உரிமம் மட்டுமே. நாவலைத் தழுவி விளையாட்டு செய்யும் உரிமம் விவெண்டி நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆகவே நாவலில் மட்டும் வருகின்ற டொம் பொம்படில் என்ற பாத்திரம் 2002இல் விவெண்டி வெளியிட்ட விளையாட்டில் பாடித் திரிய, இந்த விளையாட்டில் அவருக்கு இடமில்லை. ஒரே கதையின் பெயரால் இரு நிறுவனங்களின் பெட்டிகள் ஒரே காலத்தில் விற்பனைக்கு வந்ததில் வாங்குவோர் குழம்பியிருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

குறை இல்லாத விளையாட்டு என்று நான் சொல்லவரவில்லை. வெட்டு, நகர், கிடைத்த பொருளைப் பொறுக்கு, மீண்டும் வெட்டு என்று ஒரே சுழற்சி நீள்வதால், இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கட்டைவிரல்தான் விளையாடுகிறது, மனம் வேறெங்கோ போய்விடுகிறது. படத்தில் துயரமாக நிற்கின்ற இடங்கள் இங்கே சில வரி எழுத்துகளாகக் கடந்துவிடுகின்றன. ஆனாலும் அரகோர்ன், லெகோலஸ், கண்டால்ஃப், ஃபுரோடோ, எயோவின் என ஐவரில் எவரைத் தேர்ந்தெடுத்தாலும் ஆடும் முறை மாறுகிறது. வில்லாளியைக் கொண்டு எட்ட நின்று பழகியவர், வாளேந்தியவரைக் கையில் எடுத்ததும் முதல் நிமிடத்திலேயே அடிவாங்குவார்.

இருவர் கருவிகளைக் கேபிளால் இணைத்துச் சேர்ந்து விளையாடும் வசதியும் அதில் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்தது ஒரேயொரு கருவி. எனவே ஐந்து வீரர்களையும் ஐந்து பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டோம். தன் வீரன் விழுந்தால் கருவியை அடுத்தவரிடம் கொடுத்துவிடவேண்டும் என்பது சட்டம். பெண்வீரரான எயோவினை எவரும் கேட்காததால் அது கடைசியாக வந்த என் தங்கைக்குப் போயிற்று. இரண்டாவது வாரத்துக்குள் அவளிடமிருந்து கருவி திரும்பி வருவதற்காக நாங்கள் நால்வரும் மணலில் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கினோம்.