மூலைக்கு ஓர் எலக்ட்ரான்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணாடிக் கலத்தில் ஒரு கரைசல். அதில் இரண்டு பிளாட்டினக் கம்பிகள். மிகமிகச் சிறிய மின்னோட்டம். ஆட்டாமல் அசைக்காமல் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் ஒரு கம்பியில் கருத்துப் பளபளக்கும் தகடுகள் முளைக்கும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும். இன்று நாம் பார்க்கப்போகும் மின்கடத்தும் கரிமப் படிகங்கள் பிறப்பது இப்படித்தான்.

கார்பன், கந்தகம், ஹைட்ரஜன் மட்டுமே கொண்ட ஒரு மூலக்கூறு இதில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதைச் சுருக்கமாக 'ஈ.டி.' என்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே எதிர்மின் அயனிகள் நிற்பதால் மின்சாரம் அடுக்குக்குள்தான் எளிதாக ஓடும். அதனால் இது இருபரிமாணப் பொருள்.

மூலக்கூறுகளை அடுக்கும் முறைகளில் கப்பா என்பது ஒரு வகை. அதில் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும்; ஒவ்வோர் இணைக்கும் துணையில்லாத ஓர் எலக்ட்ரான். பாடநூல் கணக்குப்படி இது உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. பக்கத்து இணையில் ஏற்கெனவே ஓர் எலக்ட்ரான் இருக்கும்போது அங்கே நுழைய ஆற்றல் போதாது. எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. மின்சாரம் நிற்கிறது, ஒவ்வோர் எலக்ட்ரானையும் சிறு காந்தம் போலாக்கும் தற்சுழற்சி மட்டும் மிஞ்சுகிறது. காந்தத்தன்மை அங்கேதான் பிறக்கிறது.

இந்த அயனிப் படிகங்களை உப்பு என்பார்கள். எதிர்மின் அயனியில் குளோரின் உள்ள கப்பா உப்பில் 27 கெல்வினுக்கு, அதாவது சுமார் மைனஸ் 246 டிகிரி செல்சியஸுக்கு, கீழே அந்தத் தற்சுழற்சிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஒழுங்காகின்றன. அதே படிகத்தைச் சுமார் 300 வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினால், 12.8 கெல்வினில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது! இது 1990இல் தெரியவந்தது. குளோரினுக்குப் பதில் புரோமின் வைத்தால் அந்த அழுத்தம்கூடத் தேவையில்லை. காந்தமும் மீக்கடத்தலும் இவ்வளவு அருகருகே இருப்பதை இத்தனை எளிதாகக் காட்டும் பொருள்கள் மிகச் சில என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு கப்பா உப்பான செம்புச் சயனைடு உப்பின் கதை வேறு. அங்கே இணைகள் ஏறக்குறைய சமபக்க முக்கோணங்களாக அமைகின்றன. மூலைக்கு ஓர் எலக்ட்ரான். இரண்டு எதிரெதிராக நின்றால் மூன்றாவது எந்தப் பக்கம் திரும்புவது? 1973இல் அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன், இத்தகைய அமைப்பில் தற்சுழற்சிகள் உறையாமல் திரவம் போலவே இருக்கலாம் என்றார். 2003இல் டோக்கியோவில் இயற்பியலாளர் கனோடாவின் குழுவினர் இந்த உப்பை 0.032 கெல்வின் வரை குளிர்வித்தார்கள். அடுத்தடுத்த தற்சுழற்சிகளுக்கு இடையேயான பிணைப்பு, வெப்பநிலையாகச் சொன்னால், சுமார் 250 கெல்வின் அளவுக்கு வலிமையானது. இருந்தும் ஒழுங்கு வரவில்லை, ஆண்டர்சன் சொன்ன திரவம் போலவே.

பிறகு 2021இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஆய்வாளர்கள், தற்சுழற்சிகளை நுண்ணலைகளால் சோதிக்கும் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு முறையால் அளந்து, 6 கெல்வின் அருகே தற்சுழற்சிகள் ஜோடி சேர்ந்து அடங்கிவிடுவதாகச் சொன்னார்கள். அதற்கும் கீழே தெரியும் காந்தச் சைகையில் படிகக் குறைகளின் பங்கு இருக்கிறது என்றார்கள். அப்படியானால் முந்தைய அளவீடுகளில் எது எலக்ட்ரான்களின் இயல்பு, எது குறைகளின் விளைவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். நன்றி, வணக்கம்.